சனிக்கிழமையில் துவக்கு வாங்கக்கூடாது

துவக்குக் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை கம்பளிக் காலுறைகள். அடுத்து, நாய்க் கழுத்துப் பட்டிகள். அதற்கடுத்து, கண்ணாடிப் போத்தல்களில் அடைத்த காட்டுப்பன்றி இறைச்சி... துவக்கு — துப்பாக்கி — எங்கே என்று தேடினால், கவுண்டருக்குப் பின்னால், சுவரில், சங்கிலி போட்டுப் பூட்டி — நாற்பத்தொன்று.

ஓம், எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்கு ஏலாது. ஊரில் கணித ஆசிரியர். இங்கே பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில், சமையலறை அலுமாரிகளுக்குக் கீல் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். இரண்டு வேலையிலும் எண்ணாமல் விட்டால் பிழை வரும். "ஐயா, பஸ் தரிப்பில் எத்தனை பேர் நின்றார்கள் என்பது எங்களுக்கு எதற்கு?" என்று என் கட்டுரைகளைப் படிக்கும் ஒரு வாசகி முன்பு எழுதிக் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வயதில் ஆளை மாற்ற முடியுமா?

சரி, மரக்கறி மட்டும் சாப்பிடும் கிழவனுக்குத் துவக்குக் கடையில் என்ன வேலை?

மகளோடு போனேன். வதனி மிருக வைத்தியர். பூனைக்கும் முயலுக்கும் ஊசி போடுகிற வைத்தியர் இல்லை. மாடு, குதிரை, பன்றி — தோள் வரை கையுறை மாட்டிக்கொண்டு செய்கிற வைத்தியம். காட்டு மலை அடிவாரத்தில் ஒரு கிராமத்தில் வீடு. மேல்மாடியில் அவள். கீழே நானும் மனைவியும்.

அந்தப் பக்கத்தில் காட்டுப்பன்றி அதிகம். வேட்டை நாய்களைப் பன்றி கிழித்துவிட்டால், கொண்டு ஓடி வருவது வதனியிடம். தைத்துத் தைத்து, வேட்டைக்காரர் எல்லோரும் பழக்கமாகி, கடைசியில் அவளும் வேட்டை உரிமப் பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டாள். யாக்ட்ஷைன். லேசான பரீட்சை இல்லை. இந்த நாட்டுக்காரர்களே அதைப் பகிடியாகப் 'பச்சை அபிட்டூர்' என்பார்கள் — எங்கள் கணக்கில், பச்சை ஏ-லெவல்.

ஏன் பிள்ளை உனக்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"அப்பா, பன்றி சோளத் தோட்டத்தை உழுதுபோட்டுப் போகுது. ஆரோ ஒராள் சுடத்தான் போகினம். சுடுற ஆளுக்கு இதயம் எங்க இருக்கு, நுரையீரல் எங்க இருக்கு எண்டு தெரிஞ்சால் அந்த மிருகத்துக்கு நல்லதுதானே?"

வாதம் சரிதான். ஆனால் பயம் வாதம் கேட்டா வருகிறது?

அவளே ஒரு வாக்குறுதியும் தந்தாள். "நீங்களும் அம்மாவும் இருக்கிற வீடு. நீங்கள் ஓம் எண்டு சொன்ன பிறகுதான் துவக்கு உள்ளுக்கு வரும். எதை வாங்குறது எண்டும் நீங்களே பாத்துச் சொல்லுங்கோ. உங்களைவிட ஒரு சாமானில பிழை பிடிக்க ஆர் இருக்கினம்?"

பார்த்தீர்களா? பயந்தவன் கையில் முடிவைக் கொடுத்துவிட்டாள்.

கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர். அமைதியான குரல். கவுண்டரில் பச்சைத் துணி ஒன்றை விரித்து, இரண்டு துவக்குகளை எடுத்து வந்தார். வதனியிடம் கொடுப்பதற்கு முதல் ஒரு காரியம் செய்தார். கைபிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து, திறந்த பகுதிக்குள் விரலை விட்டுத் தடவி, எங்கள் பக்கம் சாய்த்துக் காட்டினார். வெறுமை. பிறகுதான் கொடுத்தார். வதனியும் வாங்கி, தானும் ஒருமுறை உள்ளே பார்த்தாள். முனை கூரையைப் பார்த்தபடி.

இதற்கு முதல் நான் துவக்குகளைக் கிட்டத்தில் கண்டது ஊரில். எங்கள் விறாந்தையில், சந்தியில், பள்ளிக்கூட வாசலில். விதவிதமான சீருடைகள். அவற்றைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர்கூட, இது வெறுமை என்று எனக்குத் திறந்து காட்டியதில்லை.

"நீங்களும் பிடித்துப் பார்க்கலாம்" என்றார் கடைக்காரர்.

என் இரண்டு கைகளும் அதற்குள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டிருந்தன.

இரண்டும் ஒரே இனம்தான். ஒவ்வொரு வெடிக்கும் கையாலேயே கைபிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளிப் பூட்ட வேண்டிய வேட்டைத் துவக்கு. வித்தியாசம் பூட்டில் இருந்தது. முதலாவதில், பூட்டின் பின்பக்கத்தில் பெருவிரலுக்கு ஒரு தள்ளுக்கட்டை. அதை முன்னால் தள்ளினால்தான் உள்ளே சுருள்வில் இறுகும். தள்ளாதவரை, ரவை, அதாவது தோட்டா, உள்ளே இருந்தாலும் துவக்கு நித்திரை. சுட வேண்டிய கணத்தில் தள்ளு. சுடாவிட்டால் பின்னால் விடு. வதனி பரீட்சைக்குப் பழகியது இப்படி ஒன்றில்தான்.

இரண்டாவது பழைய முறை. கைபிடியைப் பூட்டும்போதே வில் இறுகிவிடும். இறுகிய வில்லை ஒரு சின்ன நெம்பு தடுத்து வைத்திருக்கும். பாரம் கொஞ்சம் கூட. வால்நட் மரப் பிடி. பார்க்க அழகு. சுடும்போது தோளை அவ்வளவு உதைக்காதாம், பாரம் அதை வாங்கிக்கொள்ளுமாம்.

நான் கேட்கத் தொடங்கினேன். வேட்டை மேடை ஏணியில் ஏறும்போது கை தவறி விழுந்தால்? கையுறை போட்ட விரல் வழுக்கினால்? மழைத் தண்ணீர் உள்ளே போய் உறைந்தால்? நெம்பு தேய்ந்தால்? எத்தனை தரம் தள்ளிய பிறகு வில் களைக்கும்?

"நீங்களும் வேட்டைக்காரரா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்லை. கீல்."

அவர் தலையாட்டினார். கீல் தொழிற்சாலைகள் உள்ள இந்தப் பகுதியில் அது போதுமான விளக்கம்.

கேள்விகள் முடிந்துகொண்டு வந்தன. பிழை அகப்படவில்லை. வதனி முதலாவதைத் தோளில் வைத்து, மூலையில் மாட்டியிருந்த மான் கொம்பைக் குறி பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். முடிவெடுத்துவிட்ட முகம். இன்னும் அரை நிமிடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்து 'அப்பா?' என்று கேட்கப் போகிறாள்...

"பிள்ளை, இண்டைக்குச் சனிக்கிழமை."

"ஓம்?"

"சனிக்கிழமையில இரும்பு வாங்கக்கூடாது."

அவள் துவக்கை மெதுவாகத் துணியில் வைத்தாள். "நீங்கள் எப்ப இருந்து உதெல்லாம் நம்பத் தொடங்கினியள்?"

"இண்டைக்கு."

கடைக்காரர் என்ன பிரச்சினை என்று கேட்டார். வதனி சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். சனி ஒரு கோள், இரும்பு அதற்குரியது, அதன் நாளில் வாங்கினால் அது கூடவே வீட்டுக்கு வந்துவிடும் என்று. அவர் யோசித்தார். "மனைவி விடவில்லை, வங்கி விடவில்லை — இரண்டும் கேட்டிருக்கிறேன். கோள் விடவில்லை என்பது இதுதான் முதல் தடவை" என்றார். கேலி இல்லை, மரியாதையோடுதான் சொன்னார். துவக்கைத் திருப்பிச் சுவரில் மாட்டினார்.

இதில் நான் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டிய இரகசியம் ஒன்று உண்டு. கிழமை நாட்களில் வதனி மாட்டுத் தொழுவங்களில் நிற்பாள். கடைக்குப் போக அவளுக்கு இருப்பது சனிக்கிழமை காலை மட்டும்.

எனக்கு அது தெரியும்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் மனைவி கரண்டியோடு திரும்பினாள். "என்னப்பா, எங்கட கார் வாங்கினது என்ன கிழமை?"

"அது வேற."

"சனிக்கிழமை. கார் என்ன, மாவிலயோ செய்தது?"

"கார் தேவைக்கு வாங்கினது."

"இந்தத் தாச்சிச் சட்டி? அதுவும் சனிக்கிழமைச் சந்தையில நீங்கள் தட்டித் தட்டிப் பாத்து வாங்கினது. பிள்ளையிட்ட நேர பயமாக் கிடக்கு எண்டு சொல்லுங்கோவன். ஏன் சனீஸ்வரனை இழுக்கிறியள்? அந்தாளுக்கு வேற வேலை இல்லையோ?"

நேரே சொல்ல முடிந்தால் நான் ஏன் கோளைப் பிடிக்கிறேன்? பயமாக இருக்கிறது என்று ஒரு தகப்பன் மகளிடம் சொல்வதைவிட, கிரகம் சரியில்லை என்று சொல்வது எவ்வளவோ சுலபம்.

அடுத்த சனிக்கிழமையும் போனோம். ஏனென்றால் வாங்காவிட்டாலும் எது நல்லது என்று தெரிந்துகொள்ளத்தானே வேண்டும்? அந்தமுறை சனி பகவான் தேவைப்படவில்லை. ரவை கைகொடுத்தது. ஒரே துவக்கு பல அளவு ரவைக்கு வருகிறது. ஒன்று தட்டையாகப் போகும், ஒன்று பலமாக அடிக்கும், ஒன்று தோளுக்கு மென்மை. குழாய் நீளமா, கட்டையா? மரப் பிடியா, பிளாஸ்டிக்கா? 'வீட்டில் இருந்து ஒருக்கா கணக்குப் பார்க்கோணும்' என்றேன். வதனி தலையாட்டினாள். அதற்கடுத்த சனிக்கிழமை அவள் காரை எடுத்தபோது, மறுபடியும் இரும்பு. நான்காவது சனிக்கிழமை அவள் கேட்கவே இல்லை.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அன்று பின்னேரம் இரண்டு தரம் தேநீர் குடித்தேன்.

இலை கொட்டி முடிந்ததும் இங்கே பெரிய வேட்டைகள் தொடங்கும். ஊரே சேர்ந்து செய்வது. ஆட்களும் நாய்களும் புதருக்குள் நடந்து மிருகங்களைக் கிளப்ப, சுடுகிறவர்கள் ஆளுக்கொரு மேடையில் நிற்பார்கள். எங்கள் மலையின் வேட்டைக் குத்தகை யூர்கனிடம். விவசாயி. நல்ல மனிதர். வதனியைத் தன் மாடுகளின் குடும்ப உறுப்பினராகவே நடத்துகிறவர். இந்த வருட வேட்டைக்கு அவளையும் கூப்பிட்டார்.

"என்னட்டத் துவக்கு இல்லையே" என்றிருக்கிறாள்.

"என் அப்பாவின் துவக்கு இருக்கிறது. காகிதம் எழுதி இரவல் தருகிறேன்" என்றிருக்கிறார்.

எனக்கு இன்னும் சந்தோஷம். துவக்கு யூர்கன் வீட்டு இரும்பு அலுமாரியில் இருக்கும். காலையில் வாங்குவாள், பின்னேரம் திருப்பிக் கொடுப்பாள். எங்கள் வாசலைத் தாண்டாது. இதைவிட என்ன வேண்டும்? அது பழைய முறையிலும் பழைய முறை — பூட்டின் பின்பக்கத்தில் ஒரு சிறகு மாதிரி நெம்பு. அதைப் பக்கவாட்டில் புரட்ட வேண்டும். சுடுதளத்தில் ஒரு நாள் சுட்டுப் பார்த்தாள். நன்றாகவே பட்டதாம். மேசையில் ஊன்றி, ஆறுதலாக, ஒருவரும் அவசரப்படுத்தாமல்.

"துவக்கு எப்பிடி?" என்று கேட்டேன்.

"நல்ல துவக்கு. ஆனா என்ர கைக்கு அது ஆரோ ஒராளின்ர சப்பாத்துப் போட்ட மாதிரி" என்றாள்.

அந்த வசனத்தை நான் கவனித்திருக்க வேண்டும். சப்பாத்து கடித்தால் கால்தானே நோகும் என்று விட்டுவிட்டேன்.

வேட்டை சனிக்கிழமை. ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு விடிந்ததும் போய்விட்டாள். ஒன்பது மணிக்குக் கொம்பு ஊதினார்கள். பிறகு வெடிகள் தொடங்கின.

எங்கள் குசினி ஜன்னல் மலையைப் பார்த்தது. மூடினாலும் கேட்கும். ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு, மூன்று, அடுத்தடுத்து. நாய்ச் சத்தம். நாலு.

"எண்ணாதேங்கோ" என்றாள் மனைவி. அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேலே வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் எண்ணேல்ல."

"உங்கட சொண்டு அசையுது."

ஒவ்வொரு வெடிக்கும் ஒரே யோசனை. இது அவளுடையதா? அவளுடையது இல்லை என்றால், இதைச் சுட்டவன் எந்தப் பக்கம் பார்த்துச் சுட்டான்? அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள்? ஊரில் ஷெல் அடிக்கும்போதும் எண்ணினோம். எண்ணினால் கட்டுப்பாட்டில் இருப்பது மாதிரி ஒரு நினைப்பு. எண்ணிக்கைக்கு அந்தச் சத்தம் எப்போதாவது கீழ்ப்படிந்திருக்கிறதா?

பன்னிரண்டுக்கு மறுபடி கொம்பு. முடிந்தது. மொத்தம் பத்தொன்பது. நான் கதிரையில் சாய்ந்தேன்.

ஒரு மணி. வரவில்லை. தொலைபேசி எடுக்கவில்லை. வேட்டை முடிந்து சூப் குடிப்பார்கள் என்று மனைவி சொன்னாள். இரண்டு மணி. சூப்புக்கு இரண்டு மணித்தியாலமா? யூர்கன் வீட்டு இலக்கத்துக்கு அடித்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. மனைவி இப்போது ஒன்றும் வெட்டவில்லை. மேசையில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மூன்று மணிக்குக் கிட்ட வாசல் கதவு திறந்தது. வதனி. ஆரஞ்சு ஜாக்கெட்டின் முன்பக்கம் முழுக்க இரத்தம்.

மனைவி போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது.

"அம்மா, அம்மா... என்ர இல்லை. அல்மான்ர. நாயின்ர."

அல்மா யூர்கனின் வேட்டை நாய். வதனி சப்பாத்தோடேயே குசினிக்குள் வந்து கதிரையில் இருந்தாள். எங்கள் வீட்டில் சப்பாத்தோடு குசினிக்குள் வந்தது அன்றுதான் முதல் தடவை.

"உயிரோட இருக்கோ?" என்று கேட்டேன்.

"இருக்கு. விலாப் பக்கம் பன்றி நீளத்துக்குக் கிழிச்சுப்போட்டுது. இவ்வளவு நேரமும் தைச்சனான். பிழைக்கும்." தண்ணீர் கேட்டாள். குடித்தாள். பிறகுதான் சொன்னாள்.

அவள் நின்ற மேடையை நோக்கி ஒரு பன்றி வந்திருக்கிறது. வேறு யாரோ சுட்டு, சரியாகப் படாமல், பின்னங்காலை இழுத்துக்கொண்டு. இருபது மீட்டர். பின்னால் மண்மேடு, சுடப் பாதுகாப்பான இடம். ஒரு ரவையில் அதன் வேதனையை முடித்திருக்கலாம்.

"தோளில வைச்சிட்டன் அப்பா. குறியும் சரி. பெருவிரல் முன்னுக்குத் தள்ளிச்சு... அங்க ஒண்டும் இல்லை. திரும்பவும் தள்ளிச்சு. விசையை இழுக்கிறன், அசையுதில்லை. இது மற்றத் துவக்கு, சிறகைப் புரட்டோணும் எண்டு மூளைக்கு வரேக்க, பன்றி முள்ளுப் பத்தைக்குள்ள போயிட்டுது."

வேட்டை முடிந்ததும், காயப்பட்ட மிருகத்தைத் தேடிப் போவது இங்கே கடமை. யூர்கன் அல்மாவோடு பத்தைக்குள் போனார். பன்றி உள்ளே காத்துக்கொண்டிருந்தது. யூர்கனின் முழங்காலுக்கு வந்த கோரைப்பல்லை நாய் குறுக்கே விழுந்து வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு யூர்கன் சுட்டார் — கொம்புக்குப் பிறகு நான் எண்ணாமல் விட்ட வெடி.

"அவர் உன்னை ஏதும் சொன்னவரோ?"

"இல்லை. அதுதான் தாங்க ஏலாமல் கிடக்கு." கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்துக்குள் இரத்தம். "பிழை என்னில. தெரியாத துவக்கோட போயிருக்கக்கூடாது. நான் உந்த வேட்டையை விட்டிடப் போறன் அப்பா. யாக்ட்ஷைனைத் திருப்பிக் குடுக்கிறன். எனக்குச் சரிவராது."

நான் மாதக்கணக்காகக் கேட்க ஆசைப்பட்ட வசனம். சொல்லுக்குச் சொல் அதுதான்.

எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை?

நான் மூன்று சனிக்கிழமை ஒத்திவைத்தது ஆபத்தை என்று நினைத்தேன். ஆபத்து ஒத்திவைக்கிற சாமானா? வீட்டு வாசலில் நான் தடுத்து வைத்தேன். அது சுற்றி வளைத்து, இரவல் துவக்காக, மலையில் போய் அவளுக்காகக் காத்து நின்றது. சுடாத துவக்குத்தான் பாதுகாப்பான துவக்கு என்பது என் கொள்கை. அன்று அது சுடவில்லை. அதனால் ஒரு மிருகம் மணிக்கணக்கில் வேதனைப்பட்டது, ஒரு நாய் கிழிபட்டது, ஒரு மனிதர் காலை இழந்திருப்பார். இப்போது என் மகள், தனக்கு எதுவும் சரிவராது என்று குசினியில் இருக்கிறாள்.

இதை அவளிடம் சொன்னேனா? சொன்னேன். இதே அழகான வசனங்களில் இல்லை. "பிழை உன்னில இல்லை பிள்ளை. நான் உன்னை இழுத்தடிச்சனான். எனக்குப் பயம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"தெரியும் அப்பா" என்றாள். "முதல் நாளே தெரியும்."

"பிறகேன் பேசாமல் இருந்தனீ?"

"நீங்கள் எப்ப சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

மனைவி சோற்றுக் கோப்பையை அவள் முன்னால் வைத்தாள். "ரெண்டு பேருக்கும் நல்ல பொறுமை. சாப்பிடு."

அடுத்த நாள் அல்மாவைப் பார்க்க நானும் போனேன். நாய்களும் எனக்குக் கொஞ்சம் பயம்தான். கழுத்தில் பெரிய பிளாஸ்டிக் புனலோடு படுத்திருந்தது. யூர்கன் வதனிக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "அடுத்த மாதம் வடக்குப் பக்கக் காட்டில் வேட்டை. உனக்கு இடம் வைத்திருக்கிறேன்" என்றார். வதனி கோப்பியைக் கலக்கினாள். சீனி போடாத கோப்பியை.

திங்கட்கிழமை நானே கடைக்கு அடித்து, வருகிற சனிக்கிழமை காலைக்கு டெர்மின் எடுத்தேன், நேரம் குறித்து. அவளிடம் பிறகுதான் சொன்னேன். வந்தாள். ஆனால் அரை மனதோடு.

கடைக்காரர் அதே இரண்டையும் பச்சைத் துணியில் வைத்தார். திறந்து காட்டினார். இப்போது வதனியின் பேச்சு மாறியிருந்தது. "நான் பழைய முறையையே எடுக்கிறன். இங்க கனபேர் அதுதான் வைச்சிருக்கினம். இரவல் வாங்கினாலும் குடுத்தாலும் ஒரே மாதிரி. என்ர பெருவிரலை நான் இனி நம்பேல்ல."

நியாயம் மாதிரித்தான் கேட்டது. ஆனால் எனக்கு அது சூடுபட்ட கையின் பேச்சாகப் பட்டது. பயத்தில் சாமான் தேர்ந்தெடுப்பது எப்படி முடியும் என்று என்னைவிட ஆருக்குத் தெரியும்?

கீல் தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு கீல் நல்லதா என்று யாரும் விவாதிப்பதில்லை. திறந்து மூடுவோம். திறந்து மூடுவோம். கடைசியில் கீலே சொல்லும்.

"கண்ணை மூடு" என்றேன். "கையுறையையும் போடு."

கடைக்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. அவரும் உற்சாகமானார், தொழிலில் மகிழ்ச்சி வந்த ஆள் மாதிரி. இரண்டு துவக்குக்கும் வெற்றுப் பயிற்சி ரவை போட்டுத் தந்தார். அவர் மேசையில் தட்டினால் வதனி தோளில் வைத்து, ஆயத்தப்படுத்தி, கூடத்தின் கடைசிச் சுவரை நோக்கி விசையை அழுத்த வேண்டும். எப்போது தட்டுவார் என்று தெரியாது. ஒருமுறை கதைத்துக்கொண்டே தட்டினார். ஒருமுறை அவளைக் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டச் சொல்லிவிட்டுத் தட்டினார். நான் நின்று எண்ணினேன். இந்த முறை என்னை ஒருவரும் தடுக்கவில்லை.

பழைய முறைத் துவக்கில் இருபதில் மூன்று தரம், பெருவிரல் முன்னால் போய்க் காற்றைத் தள்ளியது. இருபதில் பதினேழு, பரீட்சையில் நல்ல புள்ளிதான். ஆனால் பன்றி எந்த மூன்றில் வரும் என்று ஆருக்குத் தெரியும்?

தள்ளுக்கட்டைத் துவக்கில் ஒருமுறைகூடத் தவறவில்லை. அதுமட்டுமில்லை. "சுடாதே!" என்று அவர் இடையில் கத்தியபோதெல்லாம், அவள் யோசிக்காமலே பெருவிரல் கட்டையைப் பின்னால் விட்டது. துவக்கு மறுபடி நித்திரைக்குப் போனது.

வதனி கண்ணைத் திறந்தாள். "எத்தினை?"

சொன்னேன்.

தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், கன நாளைக்குப் பிறகு கண்ட ஆளைப் பார்ப்பது போல. பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா?"

அந்தக் கேள்வியிலிருந்து தப்பத்தானே இவ்வளவு நாளும் கோள்களைக் கூப்பிட்டேன்.

"ஓம்" என்றேன். "இதை எடு."

கடைக்காரர் என் பக்கம் நீட்டினார். "இப்போதாவது பிடித்துப் பார்க்கிறீர்களா?" பிடித்தேன். நினைத்ததைவிடப் பாரம் இல்லை, நினைத்ததைவிடக் குளிர். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை.

பெட்டியில் வைத்து, பூட்டி, காரின் பின்பெட்டிக்குள் வைத்தாள். நிலவறையில் இரும்பு அலுமாரி சுவரோடு இறுக்கிய ஆணியோடு காத்திருக்கிறது. அதன் பூட்டு இலக்கம் எனக்கோ மனைவிக்கோ தெரியக்கூடாது; உரிமம் இல்லாத வீட்டுக்காரருக்குச் சொல்வது குற்றமாம். நல்ல சட்டம். தெரிந்தால் நான் நித்திரை கொள்வேனா?

கார் புறப்படுவதற்கு முதல், சாவியில் கை வைத்தபடி கேட்டாள்.

"அப்பா, இப்பவும் பயமோ?"

"ஓம்."

"அப்ப ஏன் ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"பயம் என்ர. அதை ஏன் நீ மலையில காவிக்கொண்டு திரியோணும்? உனக்குத் துவக்கின்ர பாரம் போதும்."

காரை எடுத்தாள். தெரு முனையில் பிரேக்கை அழுத்தி நிறுத்தி, என் பக்கம் எட்டி, என் சீட் பெல்ட் சரியாகக் கொளுவியிருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.